கன்டினியுட்டி

ஏற்காட்டில் ஆறாம் நாள்.
மணி ஒன்பதாகியும் பனி கலையவில்லை.
என் வேலை சின்ன வேலை:
தலைப்பாகை எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது,
தீவட்டி எதுவரை எரிந்திருந்தது,
குதிரைக்கு முன்காலில் சேறா பின்காலில் சேறா.
முன்னூறு வருஷத்தை நாற்பது நாளில் எடுக்கிறார்கள்.
அதில் ஒரு பொத்தான் இடம் மாறக் கூடாது.
(அந்தக் காலத்தில் இந்தப் பொத்தான் ஏது என்று
முதல் நாளே கேட்டேன்.
காஸ்ட்யூமர் இன்னும் என்னோடு பேசுவதில்லை.)

படம் சென்றாய நாயக்கரைப் பற்றி.
பாளையம் போனது, தலை போனது,
மிஞ்சியது ஒரு நடுகல்,
காப்பித் தோட்ட வேலிக்குள்
மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் அடியில்.
கல்லில் இரண்டு ஆண்கள்.
ஒருவன் கையில் வாள்.
மற்றவன் ஓலைக்காரன் பச்சியண்ணன் என்கிறார்கள்.
அவனுடைய வலது கை முழங்கை வரைக்கும் இருக்கிறது,
அதற்கப்புறம் கல் பெயர்ந்துவிட்டது.

கதாசிரியர் அந்தப் பெயர்ந்த இடத்தில்தான் ஆரம்பித்தார்.
ஏழு பக்கம்.
போருக்கு முந்தின இரவு, ஒரே கம்பளி.

நாயக்கருக்கு மூன்று மனைவி என்று எழுதினபோது
யாரும் ஆதாரம் கேட்கவில்லை.
நடுவில் உள்ளவள்
ஹீரோயின் கால்ஷீட் மிச்சமிருந்ததால் பிறந்தவள்.
கம்பளிக்கு மட்டும் செப்பேடு கேட்டார்கள்.

வாரிசுகள் என்று எட்டுப் பேர்
இருபது கொண்டை ஊசியும் ஏறி வந்தார்கள்.
வாந்தி எடுத்த ஒருவர் மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார்,
மற்றவர்கள் மனு கொடுத்தார்கள்.
"எங்க பாட்டன் வீரன்."
யார் இல்லையென்றது?
ஏழு பக்கம் ஒன்றானது. கம்பளி இரண்டானது.
கடைசியில் தேறியது ஒரே வரி:
பச்சியண்ணன் நாயக்கர் தோளில் கை வைக்கிறான் (நண்பனாக).
அடைப்புக்குறி தயாரிப்பாளருடையது.

பாதி ஷாட்டில் மழை.
தார்ப்பாய்க்குள் இரண்டு சேனையும் ஒன்றாக டீ குடித்தது.
ஒன்றரை மணி கழித்து வெளிச்சம் திரும்ப
மைக்கில் இயக்குநர்:
"கை எங்கம்மா இருந்துச்சு?"

வலது கை, இடது தோள்,
கட்டைவிரல் கழுத்துப் பக்கம்.
நோட்டில் இருந்தது. போனில் படமாகவும் இருந்தது.

"இடுப்புல சார்."
"நிச்சயமா?"
"எழுதி வச்சிருக்கேன்."

பதினாலு வருஷத்தில் ஒரு மூக்குத்தியைக்கூட
நான் இடம் மாற்றிச் சொன்னதில்லை.
கை இறங்கியது.
நாயக்கராக நின்ற பையன்
ஒரு மூச்சை விடாமல் வைத்திருந்தான்.
அது யாரும் எழுதிக் கொடுத்ததில்லை.

எடிட்டிங்கில் தாவும். தோள், வெட்டு, இடுப்பு.
கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பவன் எவனாவது
பிழை என்று குறித்துவைப்பான்,
நிமிஷம் நொடியோடு.

கடைசி பஸ். கோரிமேடு வரும்போது காது திறந்தது,
சேலத்துச் சூடு ஜன்னலில் ஏறியது.
கோகிலவாணி நாலு ரோட்டில் எக்ஸ்-ரே எடுப்பவள்.
சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன்.
"எலும்பு விழும் பிலிம்ல.
அந்தக் கை யாரப் புடிச்சிருந்துச்சுன்னு விழாது."
கொஞ்சம் கழித்து,
"ஆனா அது பொய்தானே?"
பொய்தான்.
நடு மனைவியைவிடச் சின்னப் பொய்.

எங்கள் ரேஷன் கார்டில் அவள் எனக்கு உறவினர்.
எழுதின அலுவலர் நல்ல மனுஷர்.
என்னன்னு போடட்டும் என்று கேட்டார்,
நாங்கள் ஒருத்தரையொருத்தர் பார்ப்பதற்குள்
அவரே போட்டுவிட்டார்.

தட்டுவடை செட் வாங்கி வைத்திருந்தாள்.
நமத்துப் போயிருந்தது. சாப்பிட்டோம்.

நோட்டைத் திறந்து
தோள் என்று இருந்ததை அடிக்காமல்
பக்கத்திலேயே இடுப்பு என்று எழுதினேன்.
இரண்டும் இருக்கட்டும்.
பின்னால் வருகிறவர்கள் சண்டை போட்டுக்கொள்ளட்டும்.

நாளைக்குப் போர்.
ஆறரைக்கு முதல் பஸ்.